வச்சாச்சு

1

பதினோரு வருடமாக இங்கிலாந்தின் காகிதங்களில் நான் கிளீனர். சம்பளச் சீட்டில் கிளீனர். மகளின் பள்ளிக்கூடப் படிவத்தில் தகப்பன் தொழில் கிளீனர். அதனால் எனக்கு ஒன்றும் குறைந்துவிடவில்லை என்றுதான் இந்த ஏப்ரல் வரை நினைத்திருந்தேன்.

ஏப்ரலில் பிரான்ஸ் விசா கவுண்டரில் இருந்த பெண் என் காகிதங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி என் பக்கமே தள்ளினாள்.

"அழைப்புக் கடிதத்தில் மெக்கானிக் என்று இருக்கிறது. சம்பளச் சீட்டில் கிளீனர் என்று இருக்கிறது. நீங்கள் யார்?"

"இரண்டும்" என்றேன்.

"இரண்டும் எழுத இடம் இல்லை. சரி செய்துகொண்டு வாருங்கள்."

அவள்மேல் தப்பில்லை. தப்பு என்மேலும் என் முதலாளிமேலும்தான். அதை எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன். வெளிநாடு என்றதும் பனி, தனிமை என்று ஊருக்கு எழுதுகிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். பனியைப் பற்றிச் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை. கேரளத்துப் பீர்மேட்டு மலை மஞ்சில், மூடுபனியில், எதிரே வரும் பஸ்ஸை ஹாரன் சத்தத்தை வைத்து ஒதுங்கியவன் நான். இங்கே உள்ளது ஒரு பனியா?

விசா எதற்கென்றால், ஜூன் மாதம் பிரான்சில் இருபத்து நான்கு மணி நேரக் கார் பந்தயம் நடக்கும். வருடா வருடம் நடக்கிறது. பந்தயத்துக்கு முன்னால் பழைய காலத்தில் அங்கே ஓடிய கார்களை ஒரு சுற்று ஓடவிடுவார்கள். இந்த வருடம் எங்கள் பட்டறையில் இருக்கும் ஒரு காருக்கும் அழைப்பு வந்தது. ஒரு பிரிட்டிஷ் கம்பெனி எழுபது வருடத்துக்கு முன் செய்த கார். அதன் பிரேக் வேலை முழுவதையும் இரண்டு வருடம் உட்கார்ந்து செய்தவன் நான். காருடன் இரண்டு பேர் போக வேண்டும். ஒருவர் எங்கள் மேஸ்திரி கீத். இன்னொருவன் நானாக இருக்க வேண்டும் என்று கீத் சொல்லிவிட்டார். எனக்கும் போக வேண்டும். அது அந்தப் பாதையில் ஓடுவதை என் கண்ணால் பார்க்க வேண்டும். எனக்கு வேண்டியது இவ்வளவுதான்.

பிரிட்டிஷ் பாஸ்போர்ட் வாங்கியிருந்தால் இந்த வம்பே இல்லை என்று பலபேர் சொல்லிவிட்டார்கள். என் மனைவி ஜெயந்தி வாங்கிவிட்டாள். மகள் வாங்கிவிட்டாள். நான் வாங்கவில்லை. நாலு தலைமுறை அந்த மலையில் தேயிலை கிள்ளியும் எங்களுக்குப் பெயர் பாண்டிக்காரன், தமிழ்நாட்டிலிருந்து வந்தவன். ஒரு சான்றிதழ் கேட்டுப் போனால், தாத்தா எந்த வருடம் மலை ஏறினார், அதற்குக் காகிதம் உண்டா என்பார்கள். தாத்தா கூடையோடு ஏறினார், காகிதத்தோடு ஏறவில்லை. அப்படிப்பட்டவனிடம் "இந்தியன்" என்று அச்சடித்த ஒரே ஒரு புத்தகம் இருக்கிறது. அதைக் கொடுத்துவிட்டு வேறு வாங்கு என்றால் கோபம் வருமா வராதா?

2

கிளீனர் என்றால் என்ன என்று வண்டிப்பெரியாரில் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. வேறு ஊர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். லாரியிலோ ஜீப்பிலோ டிரைவருக்கு அடுத்த ஆள் கிளீனர். பஸ்ஸில் அவனைக் கிளி என்பார்கள். ஆள் ஏற்றுவான், மூட்டை இறக்குவான், வளைவில் எட்டிப் பார்த்து வழி சொல்வான். துடைக்கிற வேலை அவனுக்குக் கிடையாது.

என் வேலைக்கு இன்னொரு பங்கும் இருந்தது. வண்டிப்பெரியாரிலிருந்து மேல் எஸ்டேட்டுக்கு ஓடிய டிரிப் ஜீப்பில் ஆறு வருடம் நான் கிளீனர். பாண்டியண்ணன் டிரைவர். அந்த ஜீப்பின் ஹேண்ட்பிரேக் கம்பியில் அண்ணன் துண்டைத் தொங்கவிடுவார், அதற்கு வேறு உபயோகம் இருந்ததை நான் பார்த்ததில்லை. ஆனால் நிறுத்தம் எல்லாம் ஏற்றத்தில். அண்ணன் காலை பிரேக்கில் வைத்துக்கொண்டு நிற்பார். ஜீப் முழுதாக நிற்கும் முன்பே நான் மரக்கட்டையோடு குதித்துப் பின்சக்கரத்துக்கு அடியில் முட்டுக் கொடுப்பேன். கொடுத்துவிட்டு, "வச்சாச்சு!" என்று கத்துவேன். அதற்குப் பிறகுதான் அண்ணன் காலை எடுப்பார். அதற்குப் பிறகுதான் சனம் இறங்கும். இருபது பேர் தொங்கிக்கொண்டு வந்தாலும், பிரசவ வலியோடு ஒருத்தி இருந்தாலும், அந்த வார்த்தை வராமல் ஒரு கால் தரையில் படாது.

கிளம்பும்போது கட்டையை உருவிவிட்டு, "எடுத்தாச்சு, போட்டே!" என்று ஓடிவந்து தொற்றிக்கொள்வேன். போட்டே என்றால் மலையாளத்தில் போகட்டும். எங்கள் தமிழ் அப்படித்தான், பாதி தேனித் தேவாரம் பக்கம், பாதி கோட்டயம் பக்கம்.

பிறகு எஸ்டேட் ஒர்க்ஷாப்பில் ஆறு வருடம் பிரேக்கும் கிளட்சும் பார்த்தேன். அதற்கு ஒரு துண்டுச் சீட்டுக்கூடக் கிடையாது. ஜீப் முதலாளி மட்டும் நல்ல மனுஷன். தன் பெயர் அச்சடித்த தாளில் ஆங்கிலத்தில் எழுதி, சீல் குத்தி, ஒப்பு போட்டுக் கொடுத்தார்: இந்தச் செல்வம் என்னிடம் ஆறு வருடம் கிளீனராக இருந்தான், நாணயமானவன்.

ஜெயந்திக்கு இங்கே ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை கிடைத்து, நான் அவளுக்குப் பின்னால் நாலு வயதுப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு இறங்கியபோது என்னிடம் இருந்த ஒரே ஆங்கிலக் காகிதம் அது. வேலை வாங்கித் தரும் ஆபீசில் அதை நீட்டினேன். அங்கிருந்த அம்மாள் படித்துவிட்டு முகம் மலர்ந்தாள். "ஆறு வருடமா! ஒரு கார் பட்டறையில் இப்படித்தான் ஆள் கேட்கிறார்கள்."

எனக்கும் முகம் மலர்ந்தது. கார் பட்டறை, கிளீனர் வேலை. இங்கேயும் கட்டை போட ஆள் வைத்திருக்கிறானே என்று நினைத்தேன்.

முதல் நாள் ஒரு மாப்பும், ஒரு வாளியும், மஞ்சள் ரப்பர் கையுறையும் கொடுத்தார்கள். நான் வாளிக்குள் எட்டிப் பார்த்தேன், கட்டை அதில் இருக்கிறதா என்று.

3

பட்டறை கோவென்ட்ரிக்குப் பக்கத்தில் ஒரு பழைய செங்கல் கட்டடம். முதலாளி கிரஹாம், அப்பனிடமிருந்து வாங்கி நடத்துகிறவர். மேஸ்திரி கீத், எழுபதைத் தொட்ட ஆள், வலது முழங்கால் சரியில்லை, பேச்சு குறைவு. அங்கே வருவதெல்லாம் ஒரே கம்பெனியின் பழைய ஸ்போர்ட்ஸ் கார்கள். கம்பெனியின் பெயரை எழுதமாட்டேன். எழுதினால் பெயரை மட்டும் பார்த்துவிட்டு மீதியை விட்டுவிடுவீர்கள். கார் பைத்தியங்களுக்கு நான் சொல்வதை வைத்தே தெரிந்துவிடும்.

முதல் இரண்டு வருடம் மாப்பு போட்டுக்கொண்டே அந்தக் கார்களைப் பார்த்தேன். கம்பிச் சக்கரம். நீண்ட மூக்கு. எஞ்சின் மூடியைக் கட்டத் தோல் வார். நிறம் பச்சை, பறிக்காமல் விட்ட முற்றல் தேயிலையின் பச்சை. அலுமினியத் தகட்டைக் கையால் உருட்டி உருட்டி வளைத்த உடம்பு. இதைச் செய்தவன் எவனோ ஒரு கைகாரன் என்று முதல் நாளே தெரிந்தது. இதற்குச் சொந்தக்காரர்கள் வருடத்துக்கு இரண்டு தடவை ஓட்டுகிறார்கள் என்று தெரிந்தபோது எரிச்சல் வந்தது.

இருபத்து நான்கு மணி நேரப் பந்தயம் என்று கீத் முதலில் சொன்னபோது எனக்குப் பெரிதாகப் படவில்லை. எங்கள் ஜீப்பும் விடிந்ததிலிருந்து இருட்டும்வரை ஓடும், இருபது பேரோடு. பிறகுதான் விவரம் புரிந்தது. அந்தக் காலத்தில் டிரைவர்கள் ரோட்டுக்கு ஒரு பக்கம் நிற்பார்கள், கார் மறுபக்கம் நிற்கும். கொடி விழுந்ததும் ஓடிப்போய் ஏறி உட்கார்ந்து கிளப்ப வேண்டும். ஒரு காருக்கு இரண்டு பேர், மாற்றி மாற்றி. வழியில் நின்றுபோனால் வேறு யாரும் தொடக்கூடாது, டிரைவரே சரி செய்து கொண்டுவர வேண்டும். மழை, இருட்டு, தூக்கம். அதில் வேகமான காரெல்லாம் ஜெயிக்கவில்லை. விடியற்காலையில் பிரேக் மிச்சம் வைத்திருந்த கார்தான் ஜெயித்தது.

இது எனக்குப் புரியாதா? குட்டிக்கானத்திலிருந்து முண்டக்கயத்துக்கு இறங்கும் ரோட்டில் லோடு வண்டியோடு வந்து பாருங்கள். பாதி இறக்கத்தில் பிரேக் டிரம் சூடேறி ஒரு வாடை வரும். அந்த வாடை வந்தால் மிதித்தாலும் பிடிக்காது, டிரைவருக்கு வியர்க்கும். மற்ற எல்லாக் காரும் அந்த டிரம் பிரேக்கோடு அந்தப் பந்தயத்தில் அவதிப்பட்ட காலத்தில், இந்தக் கம்பெனிக்காரன் ஆகாய விமானச் சக்கரத்துக்குச் செய்த டிஸ்க் பிரேக்கை எடுத்துக் காரில் மாட்டினான். டிஸ்க் வெளியே தெரிகிறபடி நிற்பதால் காற்றுப் பட்டு ஆறும். மற்றவன் வெகுதூரம் முன்னாலேயே பிரேக்கை மிதிக்க, இவன் வளைவின் வாசலில் வந்து மிதித்தான். ஜெயித்தான். இன்று உங்கள் வீட்டு வாசலில் நிற்கும் வண்டியில் டிஸ்க் இருக்கிறதல்லவா, அது இப்படிப்பட்ட கார்கள் அடிபட்டுக் கற்றுக்கொடுத்தது. வெள்ளைக்காரன் செய்ததில் எல்லாவற்றையும் நான் புகழமாட்டேன். எங்கள் எஸ்டேட் லயத்து வரிசை வீடுகளையும் அவன்தான் கட்டினான், ஒரு குடும்பத்துக்கு ஒரே முறி, ஒரே அறை. ஆனால் இந்த பிரேக்கைப் புகழ்வேன்.

மாப்பு கையை விட்டுப் போன நாள் எனக்கு நினைவிருக்கிறது. பட்டறை முற்றம் சரிவு. கீத் ஒரு காரை நிறுத்திவிட்டு இறங்கிப் பின்பக்கம் குனிந்திருந்தார். ஹேண்ட்பிரேக் நழுவியது. கார் அவர் மேலே வந்துகொண்டிருந்தது. மெதுவாகத்தான், ஆனால் முழங்கால் சரியில்லாத ஆளால் விலக முடியாத வேகம். நான் மாப்பைப் போட்டுவிட்டு, கதவுக்கு முட்டாக வைத்திருந்த மரத்துண்டை எடுத்துக்கொண்டு பாய்ந்து சக்கரத்துக்கு அடியில் அடித்தேன். அடித்ததும் வாயில் தானாக வந்தது: "வச்சாச்சு!"

கீத் எழுந்து காரைப் பார்த்தார், கட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "என்ன சொன்னாய்?"

சொன்னேன். ஜீப், ஏற்றம், இருபது பேர், எல்லாம் சொன்னேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டு உள்ளே போய்விட்டார். மறுநாளிலிருந்து அந்தப் பட்டறையில் ஒரு சட்டம் வந்தது. எழுதாத சட்டம். எந்தக் காரையும் தூக்கினாலும் நிறுத்தினாலும் நான் கட்டை போட்டு அந்த வார்த்தையைச் சொல்லாமல் யாரும் அடியில் போகக்கூடாது, டிரைவர் சீட்டில் இருப்பவர் பிரேக்கிலிருந்து காலை எடுக்கக்கூடாது. "வாச்சாச்சூ?" என்று கேட்பார்கள். "வச்சாச்சு" என்பேன். ஒன்பது வருடமாகிறது. கொஞ்சம் கொஞ்சமாக ஸ்பானர் கைக்கு வந்தது. பிறகு பிரேக் முழுவதும் என்னுடையது.

காகிதம் மட்டும் மாறவில்லை. கேட்கும்போதெல்லாம் கிரஹாம், "அடுத்த மாதம், செல்" என்பார். செல்வம் அவர்கள் வாயில் செல் ஆகிவிட்டது. அடுத்த மாதம் என்பது இந்த நாட்டில் மரியாதையாக 'இல்லை' என்று சொல்லும் முறை. அது புரிய எனக்கு ஒன்பது வருடம் ஆனது.

4

விசாக் காகிதம் திரும்பி வந்த அன்று வீட்டில் நடந்ததை எழுதுகிறேன். ஜெயந்தி கிழக்குப் பாலக்காட்டுக்காரி, கொழிஞ்சாம்பாறைப் பக்கம், தென்னையும் நெல்லும் வைத்திருக்கும் குடும்பம். பீர்மேட்டு ஆஸ்பத்திரிக்கு வேலைக்கு வந்த இடத்தில் என்னைக் கட்டிக்கொண்டாள், அதற்காக அவள் அண்ணன்மார் இன்னும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. பதினேழு வருடம் சேர்ந்து இருந்தும் அவள் தமிழ் கோயமுத்தூர்த் தமிழ்தான்.

"ஏனுங்க, பதினோரு வருசமா மாப்புக்காரன்னு பேரு வாங்கிப்போட்டு இப்பப் போயி மெக்கானிக்குன்னா அவிய நம்புவாங்களா?"

"மாப்பு போட்டது ரெண்டு வருசம்டி. மிச்சம் ஒம்பது வருசம் பிரேக் பாத்திருக்கேன்."

"அத என்ற கிட்டச் சொல்லி என்னுங்க பண்றது? அந்த மொதலாளிகிட்டச் சொல்லோணும். ஊட்டுல மட்டும் புலி. அங்க போனா 'ஓகே கிரஹாம்'."

அவள் சொன்னது உண்மை. அதனால்தான் இன்னும் கோபம் வந்தது. மகள் மது அங்கேதான் உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பதினைந்து வயது. எங்கள் இரண்டு தமிழும் அவளுக்குப் புரியும், பதில் ஆங்கிலத்தில் வரும். போன தடவை வண்டிப்பெரியாருக்குப் போனபோது ஜீப்பில் ஏறமாட்டேன், பயமாக இருக்கிறது என்று நடந்தே வந்தாள். பள்ளிக்கூடத்தில், "அப்பா கார் பந்தயத் துறையில் இருக்கிறார்" என்று சொல்லி வைத்திருக்கிறாள். இது எனக்கு அவளுடைய தோழி ஒருத்தி வீட்டுக்கு வந்து, "அங்கிள், நீங்கள் எந்த டீம்?" என்று கேட்டபோதுதான் தெரிந்தது. நான் "கிளீனிங் டீம்" என்றேன். மது ஒரு வாரம் என்னோடு பேசவில்லை.

ஏலப்பாறையில் இருக்கும் பாண்டியண்ணனுக்கு போன் போட்டேன். இடுப்பு போய் இப்போது வண்டி ஓட்டுவதில்லை, டீக்கடை வைத்திருக்கிறார். முழுவதையும் கேட்டுவிட்டு அவர் சிரித்த சிரிப்பில் மது போனிலிருந்து தலையைத் தூக்கினாள்.

"ஏலே செல்வம், கிளீனர்னா அவனுக்குத் தொடைக்கிறவனால? அப்ப நம்ம ஜீப்ப நீ என்னைக்காச்சும் ஒரு நா தொடச்சிருக்கியா? நான்லா வாரம் ஒருக்க தோட்டுத் தண்ணியில எறக்கிக் கழுவுவேன்!"

"அண்ணே, சிரிக்காதிய. நான் பிரான்சுக்குப் போணும்."

"போலே. ஒன்னய யாரு புடிச்சு வச்சா? எறங்குறதுக்கு முன்னாடி கட்டையப் போடு. அம்புட்டுத்தான்."

5

மறுநாள் கிரஹாமிடம் போனேன். விஷயத்தைச் சொன்னேன். அவர் உடனே, "அதற்கென்ன, விசாவுக்கு ஒரு கடிதம் அடித்துத் தருகிறேன், நீ மெக்கானிக் என்று" என்றார்.

"சம்பளச் சீட்டில்?"

"அது வேறு. அதை அடுத்த மாதம் பார்ப்போம்."

அன்று நான் வளைத்துப் பேசவில்லை. "கடிதத்தில் ஒன்று, சீட்டில் ஒன்று என்றால் அது பொய். உங்களுக்குப் பயணத்துக்கு மட்டும் மெக்கானிக் வேண்டும், திரும்பி வந்தால் கிளீனர் வேண்டும். இரண்டையும் மாற்றினால் போகிறேன். இல்லாவிட்டால் கடிதமும் வேண்டாம்" என்றேன்.

"அப்படியானால் டாமை அனுப்ப வேண்டியதுதான்" என்றார். டாம் எங்கள் பட்டறையின் இன்னொரு பிட்டர். நல்ல பையன்தான், ஆனால் அந்தக் காரின் பிரேக்கைத் தொட்டவன் இல்லை. நான் வெளியே வந்துவிட்டேன். போய்விட்டது, இனி கிடைக்காது என்று நினைத்தேன்.

அன்று பத்து மணிக்கு அந்தக் காரை டிரெய்லரில் ஏற்றி பிரேக் சோதனைக்குக் கொண்டுபோக வேண்டும். கீத் காரை முற்றத்துச் சரிவில் டிரெய்லருக்கு நேராக நிறுத்தினார். நான் போய்க் கட்டையை வைத்தேன். சரியாக, அழுத்தமாக வைத்தேன். எவ்வளவு கோபம் இருந்தாலும் கட்டையில் அதைக் காட்டமாட்டேன். ஆனால் வாய் திறக்கவில்லை. திட்டம் போட்டு இல்லை. அந்த வார்த்தை வரவில்லை, அவ்வளவுதான். வைத்துவிட்டு எழுந்து சுவரோரம் போய் நின்றேன்.

கீத் காலை எடுக்கவில்லை. "வாச்சாச்சூ?" என்றார்.

நான் கட்டையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

டாம், காரை டிரெய்லரில் இழுத்து ஏற்றும் வின்ச் கம்பியை அடியில் மாட்டக் குனிந்தவன், என்னைப் பார்த்துவிட்டு நிமிர்ந்துகொண்டான். கட்டை அவன் கண்ணுக்கு எதிரே இருந்தது. ஆனாலும் குனியவில்லை. ஐந்து நிமிடம் போனது. பத்து போனது. கீத் அந்தச் சரியில்லாத முழங்காலோடு பிரேக்கை அழுத்திக்கொண்டு ஸ்டீயரிங்கில் கை வைத்து நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கால் நடுங்குவது தெரிந்தது. சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். அவர் என் பக்கம் திரும்பாமலே, "அவசரமில்லை, செல்" என்றார்.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது, அந்த ஆள் ஆபீசில் நடந்ததைக் கேட்டிருக்கிறார் என்று.

கிரஹாம் கதவைத் திறந்துகொண்டு வந்தார். "ஏன் எல்லோரும் நிற்கிறீர்கள்?"

"செல் இன்னும் சொல்லவில்லை" என்றார் கீத்.

"எதை?"

"அந்த வார்த்தையை."

"கட்டைதான் வைத்திருக்கிறதே!"

"கட்டை இருக்கிறது. வார்த்தை இல்லை."

கிரஹாம் டாமைப் பார்த்தார். டாம் வானத்தைப் பார்த்தான். ஒன்பது வருடமாகத் தன் முற்றத்தில் தினம் முப்பது தடவை கேட்ட வார்த்தைக்கு என்ன அர்த்தம் என்று அந்த மனுஷனுக்குத் தெரியவில்லை. என்னிடம் வந்தார்.

"அதற்கு என்ன அர்த்தம்?"

"இனி பயமில்லை, காலை எடுக்கலாம் என்று அர்த்தம்" என்றேன். "நான் பொறுப்பு என்று அர்த்தம்."

அவர் கட்டையையும் கீத்தின் காலையும் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு உள்ளே போனார். திரும்பி வரும்போது கையில் இரண்டு தாள். ஒன்று கடிதம். இன்னொன்று, கணக்கு பார்க்கும் ஆபீசுக்கு அனுப்பிய கடிதத்தின் நகல்: செல்வம், பிரேக் டெக்னீஷியன், இந்த மாதம் முதல். இரண்டிலும் கையெழுத்து ஈரமாக இருந்தது.

நீட்டிவிட்டு, கொஞ்சம் வெட்கத்தோடு கேட்டார்: "வா... சாச்சா?"

"வச்சாச்சு!" என்று கத்தினேன். குட்டிக்கானம்வரை கேட்டிருக்கும். கீத் காலை எடுத்து முழங்காலைப் பிடித்துக்கொண்டு ஐந்து நிமிடம் என்னைக் கெட்ட வார்த்தையில் திட்டினார். பிறகு டீ போட்டுக் கொடுத்தேன்.

6

விசாப் படிவத்தை மறுபடியும் கம்ப்யூட்டரில் நிரப்ப வேண்டும். மதுதான் உட்கார்ந்தாள். இப்போதைய தொழில், பிரேக் டெக்னீஷியன் என்று அடித்தாள். முந்தைய தொழில் என்று ஒரு இடம் வந்தது.

"கிளீனர எடுத்துடட்டுமா?" என்று கேட்டாள். தமிழில் கேட்டாள். குரல் மெதுவாக இருந்தது.

"எடுக்காத. அது பொய் இல்ல."

"பட் அப்பா, நீங்க ரியலா என்னதான் பண்ணீங்க அந்த ஜீப்ல?"

பதினைந்து வருடத்தில் அவள் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. பட்டறையில் ஆங்கிலத்தில் அத்தனை பேருக்குச் சொன்னவன் என் வீட்டில் தமிழில் சொல்லவில்லை. அது என் தப்பு. எழுந்து நின்று செய்தே காட்டினேன். நாற்காலி ஜீப், செருப்பு கட்டை. குதித்தேன், வைத்தேன், கத்தினேன். கட்டையை உருவும்போது சொல்லும் வார்த்தையையும் சொல்லிக் கொடுத்தேன். கீழ் வீட்டுக்காரன் தன் கூரையைத் தட்டினான். ஜெயந்தி சமையலறையிலிருந்து, "ஏனுங்க, கிறுக்குப் புடிச்சுருச்சுங்களா?" என்றாள்.

மது சிரிக்கவில்லை. நான் வைத்த செருப்பைக் கையில் எடுத்துப் பார்த்தாள்.

"அப்போ அந்த ஜீப்புக்கு நீங்கதான் ஹேண்ட்பிரேக்."

நான் உட்கார்ந்துவிட்டேன். ஆறு வருடம் செய்த வேலைக்கு இவ்வளவு சரியான பெயரை யாரும் வைத்ததில்லை. அவள் படிவத்தில் கிளீனர் என்று அடித்து, பக்கத்தில் சிறியதாக விளக்கமும் அடித்தாள். கவுண்டரில் அதே பெண்தான் இருந்தாள். அந்த விளக்கத்தை இரண்டு தடவை படித்துவிட்டு, என்னை ஒரு தடவை பார்த்துவிட்டு, வாங்கி வைத்துக்கொண்டாள். பத்து நாளில் விசா வந்தது.

7

ஜூன். பிரான்ஸ். வெயில். மூங்கில் கூடை மாதிரி நெருக்கமாகச் சனம். பழைய கார்களை அந்தக் காலத்து முறையில் ரோட்டோரம் சாய்வாக வரிசையாக நிறுத்தியிருந்தார்கள். டிரைவர்கள் எதிர்ப்பக்கம் நின்றார்கள், ஓடிவந்து ஏறுவதற்கு. எங்கள் டிரைவர் அந்தக் காரின் சொந்தக்காரர், அறுபது வயது, ஓட்டம் சுமார்தான்.

ரோடு பார்க்க மட்டமாக இருந்தது. ஆனால் இல்லை. மலையில் பிறந்தவனுக்குக் கால் பாதம் சொல்லிவிடும். கார் பின்னால் அரை அடி நகர்ந்தது. ஹேண்ட்பிரேக் அந்தக் காலத்துச் சாமான், பேருக்குத்தான். நான் கொண்டுபோன கட்டையை வைத்தேன். கீத் கேட்டார். நான் சொன்னேன். பக்கத்துக் காரின் இத்தாலிக்கார மெக்கானிக் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு தன் காரைக் காட்டி, கட்டை இன்னொன்று இருக்கிறதா என்று சைகையில் கேட்டான். அவன் காரும் நகர்ந்துகொண்டிருந்தது. அதற்கும் ஒன்று வைத்தேன்.

கொடி விழுந்தது. சொந்தக்காரர் ஓடி வந்தார், மூச்சு வாங்க ஏறி விழுந்தார், சுவிட்சைப் போட்டார். எஞ்சின் பிடித்தது. அந்தச் சத்தம் நெஞ்சுக்குள் ஏறியது. அவர் கண் என்மேல் இருந்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. இங்கிலாந்துக்கு வந்த பதினோரு வருடத்தில் எந்தக் காருக்கும் வச்சாச்சு என்று மட்டும்தான் சொல்லியிருக்கிறேன். நிற்க வைக்கத்தான் என்னைக் கேட்டார்கள். போக வைக்கும் மற்ற வார்த்தையை ஒரு காருக்கு ஒரு தடவைகூடச் சொன்னதில்லை.

கட்டையை உருவினேன். இரண்டு கையையும் தூக்கிக் கத்தினேன்: "எடுத்தாச்சு, போட்டேஏஏ!"

கார் பாய்ந்தது. முதல் வளைவில் மற்ற கார்களெல்லாம் சீக்கிரமே பிரேக் போட்டு ஊர்ந்தன. எங்கள் பச்சைக் கார் மட்டும் வாசல்வரை போய் மிதித்து, ஒரு சின்ன நடுக்கமும் இல்லாமல் பிடித்து, திரும்பி மறைந்தது. கீத் என் தோளில் ஓங்கி ஒரு அடி அடித்தார். வலித்தது.

சட்டைப் பையில் போன் துடித்தது. மது. வீட்டில் உட்கார்ந்து நேரலையில் பார்த்துக்கொண்டிருக்கிறாள். எப்போதும் ஆங்கிலத்தில் வரும் செய்தி தமிழ் எழுத்தில் வந்திருந்தது, ஒரே ஒரு வார்த்தை:

"எடுத்தாசா?"

ஒரு ச் விட்டுப் போயிருந்தது. நான் திருத்தவில்லை. கிரீஸ் கையோடு ஒவ்வொரு எழுத்தாகத் தேடி, "போட்டே" என்று பதில் அனுப்பினேன்.